ஒலிம்பஸ் கைமாறியபோது



புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போகும் தெருவில் எனக்குப் பழக்கமான படப்பிடிப்பாளர் ஒருவர் இருக்கிறார். 2020 நடுப்பகுதியில் ஒருநாள் தன் ஒலிம்பஸ் கமராவை மேசையில் வைத்து, "இது பழுதாப்போனா இனி ஆரிட்டத் தம்பி குடுக்கிறது?" என்று கேட்டார். குரல் தழுதழுத்தது.

1936இல் தன் முதல் கமராவை வெளியிட்ட ஜப்பானிய நிறுவனம் ஒலிம்பஸ். 2020 ஜூன் 24ஆம் திகதி, கமராப் பிரிவைக் கைமாற்றப் போவதாக அறிவித்தது. திறன்பேசிகள் சந்தையைச் சுருக்கிவிட்டன. மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து நட்டம்.

அந்தப் பெயரில் அப்படி என்ன பாசம்? மைத்தானி யொஷிஹிசா வடிவமைத்த 'பென்' கமரா 1959இல் வந்தது. ஒரு படச் சட்டத்தை இரண்டாகப் பிரித்ததால், 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். பிலிம் வாங்கவே காசை எண்ணிப் பார்த்த காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி!

உலகெங்கும் பலர் அன்று கலங்கினார்கள். வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய லென்ஸ்கள் வீணாகுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஒலிம்பஸும் பனசொனிக்கும் 2008இலேயே 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' என்ற பொது அமைப்பை அறிவித்திருந்தன. ஒன்றின் லென்ஸ் மற்றதில் பொருந்தும். 2021 ஜனவரி 1 முதல் ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் பணியைத் தொடர்ந்தது.

லென்ஸ்கள் வீணாகாது என்று அன்று நான் சொன்னபோது அவர் கமராவை மெல்லத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு கலியாண வீடு இருந்தது.