பணயம் வைப்பது யாருடைய பொருள்?

(மேரு ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சூதாட்டம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். "சூதாடும் வழக்கம் எமக்கில்லையே" என்று உங்களுள் பலர் எண்ணலாம். ஆயினும் நம் அன்றாடப் பேச்சைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். துணிந்து பிறரைக் காத்தவர் 'உயிரைப் பணயம் வைத்தார்' என்கிறோம். பிறர் சூழ்ச்சிக்குக் கருவியானவனைப் 'பகடைக்காய்' என்கிறோம். இறுதிவரை மறைத்து வைத்த வலிய வாதத்தைத் 'துருப்புச் சீட்டு' என்கிறோம். ஆடுகளத்துச் சொற்கள் நம் நாவில் குடியேறி நெடுங்காலம் ஆகிவிட்டது.

'கழகம்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் 'சூது'. அங்கே வள்ளுவப் பெருந்தகை சூதாடும் இடத்தைக் குறிக்க அச்சொல்லை ஆள்கிறார். இன்று அதே சொல் பல்கலைக்கழகத்தின் பெயரில் நிற்கிறது. சூதாடும் இடத்தைக் குறித்த சொல் கல்விச்சாலைக்கு உயர்ந்துவிட்டது. ஆனால் நம் வீடுகள் சிலவற்றிலோ, கல்விக்கென்று சேர்த்த பணம் சூதாடும் இடத்திற்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

'பணயம்' என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். பணயமாக ஒரு பொருளை வைக்க வேண்டுமானால், அது வைப்பவனுக்கு உரியதாக இருக்க வேண்டும். பாரதக் கதையில் தருமர் செல்வத்தை இழந்தார், நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார், தம்மையும் இழந்தார். அதன் பின்னரே பாஞ்சாலியை வைத்தார். 'தம்மையே தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னை வைக்க உரிமை ஏது?' என்று அவள் சபையை நோக்கி வினவினாள். பீட்டுமர் போன்ற பெரியோராலும் தெளிவான விடை கூற இயலவில்லை. மகாகவி பாரதியார் 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தில் சூதாட்டத்திற்கென்றே ஒரு சருக்கம் அமைத்தார். பாஞ்சாலியின் வினா இன்றும் விடை கேட்டு நிற்கிறது. மாதச் சம்பளம் வந்த மாலையிலேயே நம்பர் கடைக்குச் செல்பவர் வைப்பது யாருடைய பொருள்? பிள்ளையின் பள்ளிச் செலவா? மனைவியின் மருந்துச் செலவா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். 'நாலு நம்பர்' குலுக்கில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. பரிசு பெறுபவை 23. 'பிக்' வகையில் 1 வெள்ளிக்கு முதற்பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. மேலும் 180 வெள்ளி வீதம் பத்துச் சிறப்புப் பரிசுகளும், 60 வெள்ளி வீதம் பத்து ஆறுதல் பரிசுகளும் உண்டு. ஒருவர் 10,000 எண்களையும் ஒரு வெள்ளி வீதம் வாங்கினால், எல்லாப் பரிசுகளும் அவருக்கே வரும். அப்போதும் கைக்கு வருவது 6,400 வெள்ளிதான். 3,600 வெள்ளி போனது போனதே! ஒரே எண்ணை வாரம் மூன்று குலுக்கிலும் விடாமல் எடுப்பவருக்கு, முதற்பரிசு சராசரியாக 64 ஆண்டுகளுக்கு ஒருமுறையே விழும். அதற்குள் தாத்தாவின் எண்ணைப் பேரன் எடுத்துக்கொண்டிருப்பான்.

இந்தக் கணக்கை மறைப்பதற்கே எத்தனை கற்பனைகள்! விபத்துக்குள்ளான வண்டியின் எண், கனவில் கண்ட எண், இறந்தவர் வீட்டுக் கதவெண். இவை போதாதென்று அருள்வாக்குச் சொல்பவரிடமும் நான்கு எண்கள் கேட்கின்றனர். அன்பர்களே, பரிசுப் பணம் வானத்திலிருந்து பொழிவதன்று. தோற்ற ஆயிரமாயிரம் பேரின் வெள்ளி அது. தன் பிள்ளைகளுள் ஒருவருக்கு ஊட்ட, மற்றவர் தட்டிலிருந்து பறிக்குமாறு அம்மனிடம் கேட்கலாமா?

இன்று கடைக்குச் செல்லவும் தேவையில்லை; கைத்தொலைபேசியே சூதாடும் இடமாகிவிட்டது. பணம் தீர்ந்தால் ஆலோங் கடன். தவணை தவறினால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம். அப்போது நடுங்குவது ஆடியவர் மட்டுமா? கடன் வாங்கியதையே அறியாத தாயும் தந்தையும் நடுங்குகின்றனர்.

அப்படியானால் வாழ்வில் துணிவே கூடாதா? நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் துணிவுதான். வணிகம் தொடங்குவதும், பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்புவதும் துணிவே. வள்ளுவர் சூதைக் கடிந்தார்; ஆனால் முயற்சியைத் தடுக்கவில்லை. 'தெரிந்து செயல்வகை' என்னும் 47ஆம் அதிகாரத்தில், செலவு, வரவு, மிச்சம் மூன்றையும் கணக்கிட்ட பின்னரே செயலில் இறங்குமாறு வழிகாட்டினார்.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டும் தொழிலாளர்களிடம் அவர் மாதந்தோறும் கேட்டது 10 வெள்ளி. கூலி மிகக் குறைந்திருந்த அந்நாளில், அப்பணத்தைக் கொடுப்பது பெருந்துணிவு. ஆயினும் அது சூதன்று. கொடுத்தது அவர்களின் வியர்வை. விளைவைக் கூட்டியது அவர்களின் உழைப்பு. ஒருவர் பெற்ற பயனுக்காக மற்றவர் இழக்க வேண்டியிருக்கவில்லை. அத்தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே பங்குதாரர் ஆயினர்.

ஆகவே, பணத்தை எடுக்குமுன் மூன்று வினாக்களை நெஞ்சில் நிறுத்துங்கள். இது என் பொருள்தானா? என் உழைப்பு இதன் விளைவை மாற்றுமா? என் வெற்றி பிறர் கண்ணீரிலிருந்து வருமா? இவற்றிற்கு நேர்மையான விடை கிடைத்தால், துணிந்து இறங்குங்கள். கிடைக்காவிடில், கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

இன்று சந்நிதியில் நிற்கும்போது நான்கு எண்களைக் கேளாதீர்கள். உழைக்கும் உடல்நலத்தையும், ஈட்டியதைக் காக்கும் மனவுறுதியையும் கேளுங்கள். வாரந்தோறும் நம்பர் கடைக்குச் சென்ற 10 வெள்ளியைப் பிள்ளையின் பெயரில் சேமியுங்கள். ஓராண்டில் 520 வெள்ளி ஆகும். எந்தக் குலுக்கலும் அதனைத் தோற்கடிக்க முடியாது.

அம்மன் திருவருளால் நம் இல்லங்கள் செழிக்கட்டும்.