கொரோனா போயாச்சு, சடவு போகலையே!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடிச்சாச்சு. மிச்ச நேரத்துல உடம்பைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் கொரோனாவைப் பத்திப் பேசப் போறேன். "அதான் போயாச்சே, இனி என்னத்துக்கு அந்தப் பேச்சு?" என்று நீங்க நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனமே 2023 மே 5-ஆம் தேதி, கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவிச்சிட்டுது. சரிதான். ஆனா நோய் போன பிறகும் சடவு போகாதவங்க நம்ம நடுவில இருக்காங்க.

இறந்தவங்களை நாம மறக்கல்ல. 2020 ஆகஸ்ட் 28-ல் நம்ம கன்னியாகுமரி எம்.பி. வசந்தகுமார் அவர்களே கொரோனாவில் காலமானாங்க. 2021-ல் இரண்டாம் அலை வந்தப்ப எத்தனை வீட்டுல விளக்கு அணைஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா பொழச்சு வந்து, பழையபடி ஆக முடியாம கிடக்கிறவங்களை யாரு நினைச்சுப் பார்த்தோம்?

இதுக்கு 'லாங் கோவிட்' என்று பேர். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதுக்கு விளக்கம் சொன்னது. கொரோனா வந்து சுமார் மூணு மாசம் கழிஞ்சும் தொந்தரவு இருக்கணும், அது குறைஞ்சது ரெண்டு மாசமாவது நீடிக்கணும், வேற நோய் காரணமா இருக்கக் கூடாது. என்ன தொந்தரவு? தீராத சடவு, நாலு எட்டு வச்சா இளைப்பு, நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லாமை, மறதி. கணக்கு நோட்டை எடுத்தா கூட்டலே ஓடாது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இ.சி.ஜி. எல்லாம் சரியாக்கூட இருக்கும். அதனாலதான் வீட்டுல நம்ப மாட்டாங்க. "மடி பிடிச்சவ" என்று ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குழுவுல, கடவத்துல மீன் சுமந்து வித்த ஒரு அக்கா மூணு கூட்டத்துக்கு வரல்ல. குழு அபராதம் போட்டது. அந்த அக்கா சண்டை போடாம அபராதத்தைக் கட்டிட்டு, குழுவை விட்டே போயிட்டாங்க. அவங்களுக்கு மேட்டுல ஏறி வர மூச்சு இல்லங்கிறது பிறகுதான் தெரிஞ்சுது. விதிமுறைப் புத்தகப்படி அபராதம் சரிதான். ஆனா ஒரு ஆளாவது வீட்டுல போய்ப் பார்த்திருக்கலாம்.

சரி, இதுக்கு என்ன வைத்தியம்? இந்த நோயைக் குணமாக்கும் தனி மருந்து எதுவும் இதுவரை நிரூபணமாகல்ல. லேகியம், சத்துப்பொடி என்று யாராவது விக்க வந்தா, அதுக்காக உள்கடன் வாங்காதீங்க. இப்ப கையில இருக்கிறது மறுவாழ்வுப் பயிற்சிதான். அதாவது மூச்சு, நடை, வேலை எல்லாத்தையும் பைய பையப் பழக்கிக் கொண்டுவருவது.

அதுக்கு ஆஸ்பத்திரிக்கே போகணும் என்றில்ல. இன்னும் சொல்லப் போனா, இந்த நோய்க்கு அலைச்சலே ஆகாது. மலையோரத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி ஆசாரிபள்ளம் போய், வரிசையில நின்னு, அரை மணி நேரப் பயிற்சி எடுத்துட்டு வந்தா, அந்தப் போக்குவரத்துலயே மூணு நாள் படுத்திருவாங்க. முதல்ல ஒரு தடவை டாக்டர் நேரில் பார்த்து, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், இருதயக் கோளாறு எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணணும். அதைத் தவிர்க்க முடியாது. பிறகு வீட்டிலயே தொடரலாம்.

இப்படி வீட்டுல இருந்தே செய்தா பலன் உண்டான்னு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில சோதிச்சுப் பார்த்திருக்காங்க. கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில படுத்து வீடு திரும்பி, மூணு மாசத்துக்கு மேலயும் சுகமாகாத 585 பேர். ஒரு பாதிக்கு 8 வாரம், இணையம் வழியா, குழுவாப் பயிற்சியும் மனசுக்குத் தெம்பும் கொடுத்தாங்க. மத்தவங்களுக்கு ஒரே ஒரு தடவை ஆலோசனை. 2024-ல் முடிவு வெளியாச்சு. பயிற்சி எடுத்தவங்க நிலைமை கூடுதலாத் தேறியிருந்தது, ஒரு வருஷம் கழிஞ்சும் அந்தப் பலன் இருந்தது. அதிசயம் என்று சொல்ல மாட்டேன், தேறினது ஓரளவுதான். கவனிங்க, அதுவும் ஒரு குழுதான்! தனியாக் கிடக்கிறவளுக்கு இன்னொருத்தி முகமும் மருந்துதான் போல.

இங்க ஒரு எச்சரிக்கை. எல்லாருக்கும் ஒரே பயிற்சி கிடையாது. சிலருக்கு வேலை செய்த அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளோ மூணாம் நாளோ ஆளையே சாய்ச்சிரும். இவங்களிடம் "இன்னும் நட, இன்னும் செய், சரியாயிரும்" என்று சொல்லவே கூடாது. இன்னைக்கு இல்லாத தெம்பைக் கடன் வாங்கி வேலை செஞ்சா, நாளைக்குக் கந்துவட்டி போட்டுப் பிடுங்கிரும். நமக்குத் தெரியாத வட்டியா! இருக்கிற தெம்புக்குள்ள வேலையை ஒதுக்குறதுதான் இவங்களுக்கு வைத்தியம். துணி துவைக்கிற அன்னைக்கு வீடு தூத்து வாரவேண்டாம். மரச்சீனிக் கிழங்கை உட்கார்ந்து சீவலாம், மீனை உட்கார்ந்து வெட்டலாம். தளர்ந்த பிறகு ஓய்வு எடுக்கக் கூடாது, தளருறதுக்கு முந்தியே எடுக்கணும். வீட்டு ஆம்பிளைகள் ரெண்டு குடம் தண்ணி கோரினா குறைஞ்சு போயிர மாட்டாங்க.

இளைப்பு வந்தா நாற்காலியில முன்னால சாய்ஞ்சு, முழங்கையைத் தொடை மேல ஊன்றி உட்காருங்க. மூக்கு வழியா மூச்சை இழுத்து, உதட்டைக் குவிச்சு, சூடு சாயாவை ஊதுற மாதிரி மெள்ள வெளியே விடுங்க. குடத்தைத் தூக்குறப்பவும் படி ஏறுறப்பவும் மூச்சை அடக்காம, வெளியே விட்டுக்கிட்டே செய்யணும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்டு, 2021-ல் திருத்தின கையேட்டிலேயே இதெல்லாம் இருக்கு.

நம்ம ஊருல யாரைக் கேட்கிறது? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கினாங்க. பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமில்ல, பிசியோதெரபியும் வீடு தேடி வரும் என்றதுதான் திட்டம். அதுக்கு எடுத்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போல குழுப் பெண்கள்தான். கொரோனா சடவுக்கு என்று தனியா வந்த திட்டம் இல்ல. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைச் சொல்லி, பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை வீட்டுல வந்து பார்க்கவும், பிறகு போனில் விசாரிக்கவும் முடியுமான்னு கேளுங்க. டாக்டரிடம் பேச இ-சஞ்சீவனி இருக்கு, கட்டணம் இல்லை.

போன் என்றதும் ஒரு சிக்கல் வரும். பல வீட்டுல நல்ல போன் ஒண்ணுதான், அதுவும் மகன் கையில காலேஜுக்குப் போயிரும். பேச்சிப்பாறைப் பக்கம் மலையில டவரும் சரியாக் கிடைக்காது. படம் தெரியணும் என்று கட்டாயமில்ல, சாதாரணப் போன் போதும். வாரம் ஒரு நாள், சொன்ன நேரத்துக்கு, ஊக்குநரோ பிரதிநிதியோ தன் போனோட அந்த வீட்டுக்குப் போனா ஆச்சு. பழைய நோட்டு ஒண்ணுல, அன்னைக்கு என்ன வேலை செய்தாங்க, மறுநாள் எப்படி இருந்தாங்கன்னு எழுதி வச்சா, போனில் கேட்கிறவங்களுக்கு அதுவே பெரிய உதவி. எழுத முடியாதவங்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டல், சளியில ரத்தம், மயக்கம், வாய் கோணுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், இதுல எது வந்தாலும் போனில் பயிற்சி கேட்கிற வேலையே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, மூணு கூட்டத்துக்கு மேல வராதவங்க பேரை ஒவ்வொரு குழுவும் எழுதிக்கிட்டு வாங்க. அபராதப் பட்டியலை இப்ப கொண்டுவர வேண்டாம். முதல்ல வீட்டுல போய்ப் பார்த்துட்டு வாங்க.