தோணியின் ஒழுக்கு

கந்தப்பளைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவக்கூடும். 6,000 அடிக்கு மேற்பட்ட அம்மலைச் சரிவுகளிலே பாய்மரத்தைக் காண்பதற்கில்லை. ஆயினும், அங்கே கொழுந்து பறிப்போர் பலருடைய முன்னோர் பாய்மரத் தோணியேறி வந்தவர்களே. 19ஆம் நூற்றாண்டிலே தொண்டி முதலிய துறைகளிலிருந்து மன்னார்க் கரையை அடைந்து, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள் அவர்கள். கரை காணும்வரை அவர்தம் உயிரைக் காத்தது, பலகைக்கும் பலகைக்கும் இடையே அடைத்த சிறு அடைப்பேயாகும்.

வெயிலிலே நெடுநாள் கிடந்த தோணியைக் கடலில் இறக்கினால் அது ஒழுகவே செய்யும். அஞ்சவேண்டியதில்லை. நீரூறியதும் மரம் பருத்து, நுண்ணிய இடைவெளிகள் தாமே மூடிக்கொள்ளும். இதனை அறியாது, உலர்ந்த பொருத்துகளிலே பஞ்சை அளவுக்கு மிஞ்சி இறுக்குபவன் தோணிக்குக் கேடு செய்கின்றான். பின்னர் மரம் பருக்க இடமின்றி, பலகை ஆணியையும் இழுத்துக்கொண்டு விலகும்.

ஊறிய பின்னும் ஒழுகுமாயின், புகுவாயைத் தேடவேண்டும். ஈண்டுதான் தொல்லை. நீர் புகும் இடம் ஒன்று, தோன்றும் இடம் வேறொன்று. வங்கு எனப்படும் வளைசட்டத்தின் வழியே அது ஓடிவந்து எங்கோ சொட்டும். லயத்துத் தகரக் கூரையின் கீழே மழையிரவில் சட்டி வைத்தவருக்கு இது புதுமையன்று! ஆகவே, தோணியைக் கரையேற்றி, உள்ளே சிறிது நீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகின்றதென்று பார்ப்பது நன்று. நிறைய ஊற்றலாகாது, வெளிநீரின் தாங்கலின்றிப் பாரத்தால் பலகை விரியும்.

இடம் தெரிந்ததும் பழைய அடைப்பைச் சுரண்டி நீக்கி, எண்ணெய் தோய்ந்த பஞ்சுத் திரியை மழுங்கிய உளியாலும் மரச் சுத்தியாலும் செலுத்தி, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவர். கலப்பற்று என்பது இதன் பெயர்.

நடுக்கடலிலே பொருத்து விட்டுப்போனால் கலப்பற்றுக்கு ஏது வாய்ப்பு? உள்ளிருந்து திணிக்கும் துணியை நீரே வெளியே தள்ளிவிடும். வெளிப்புறத்தே வைத்ததையோ அந்நீரே அமுக்கிப் பிடிக்கும். ஆதலின், பழைய பாயொன்றைத் தோணியின் அடியே செலுத்தி, ஓட்டையின்மேல் படியுமாறு இருபுறமும் கயிற்றால் இழுத்துக் கட்டுவர். ஒழுக்கு முற்றும் நிற்காது. இறைக்கும் கைகளுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் குறையும். அவ்வளவு போதும், கரை சேர்வதற்கு.