நிறமும் நெஞ்சமும்

பாமன்கடையிலிருந்து காலி வீதிக்கு வந்தால், வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிற் காணாத நிறமில்லை. ஆயினும் அங்கு நுழையும் பெண், அத்தனையையும் விரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஈற்றில் தன் மனம் முன்னமே தெரிந்து வைத்திருந்த ஒன்றையே எடுக்கின்றாள். விற்பனையாளரின் பொறுமை வாழ்க!

அம்மனத்தை ஆள்வது யாது? வெண்மையை எடுத்துக்கொள்வோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது சீருடை. போயா நாளிற் சில் அனுட்டிக்கும் பௌத்தருக்கு அது தூய்மை. மரண வீட்டுக்குச் செல்லும் சிங்களவர் உடுப்பதும் அதுவே. ஆங்கிலேயருக்கோ துக்கத்தின் நிறம் கறுப்பு. நம்மவர் மங்கல நாளிற் கறுப்பை விலக்குவர். ஐயப்பனுக்கு மாலையிட்டதும் அதனையே விரும்பி உடுப்பர். நிறத்தில் இன்பமுமில்லை, துன்பமுமில்லை. நாம் ஏற்றிய நினைவே உண்டு.

1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசியார், வழக்கம் விதித்த காலம் கடந்த பின்னும், 1901இல் மறையும்வரை கறுப்பையே அணிந்தார். அது அவரே தெரிந்த நிறம். நம்மிடையே கணவனை இழந்த பெண்ணுக்கு வெண்சேலையைத் தெரிந்தவர் யார்? பல வீடுகளில் ஊரே தெரிந்தது. அவளுடைய துயரமோ, அவர் விரும்பி வாங்கித் தந்த மயில்நீலத்தில் இருக்கலாம். அதனை உடுத்தால், அவர் அருகிலிருப்பதாக அவளுக்குத் தோன்றலாம். அயலார் அதனை மறதி என்பர்.

சேலை பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமற் கிடக்கின்றது. உறவினர் திருமணத்துக்குப் புறப்படும் நாளில் மகள் அதனை எடுத்து நீட்டுகின்றாள். "சனம் என்ன சொல்லும், பிள்ளை?" என்கின்றாள் தாய். கை மட்டும் சேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.