கைதட்டல் வேறு, உரிமை வேறு



ஒரு இசைத்தட்டின் கதையை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்காவின் தென்கோடியில் நியூ ஆர்லியன்ஸ் என்றொரு துறைமுக நகரம். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாரிசுகள் அங்கே ஜாஸ் என்ற இசையை வளர்த்தார்கள். அவர்களில் பலர் கூலிக்கு உழைத்தவர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவயதில் நிலக்கரி வண்டி ஓட்டியவர்தான். ஆனால் 1917-ல் ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் வாசித்தவர்கள் யார்? ஐந்து வெள்ளையர்கள்! உழுதவன் ஒருவன், நெல்லை அளந்து போனவன் வேறொருவன். நாம் அறியாத கதையா இது?

அப்போது முதல் உலக யுத்தம். நியூயார்க்கின் கறுப்பு மக்களைக் கொண்ட 369-வது காலாட்படை 1918 தொடக்கத்தில் பிரான்சுக்குச் சென்றது. அதன் பாண்டு வாத்தியக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரப். அமெரிக்கத் தளபதிகள் இப்படையைத் தங்கள் வெள்ளைச் சிப்பாய்களோடு சேர்த்து நிறுத்த மனமில்லாமல் பிரெஞ்சு ராணுவத்திடம் தள்ளிவிட்டார்கள்.

பிரெஞ்சு மக்களோ ஊர் ஊராகத் திரண்டு வந்து அந்த இசையைக் கேட்டுக் கைதட்டினார்கள். அங்குள்ள பேர்பெற்ற பாண்டு குழுவினர் அதே பாட்டை வாசித்துப் பார்த்தார்கள், வரவில்லை. இவர்களுடைய வாத்தியத்தில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று சந்தேகித்து, கையில் வாங்கிச் சோதித்த பிறகே நம்பினார்கள். யூரப்பே பின்னர் சொன்ன செய்தி இது.

வாசித்ததோடு நிற்கவில்லை அவர். இயந்திரத் துப்பாக்கிப் படையில் அதிகாரியாகப் போர்முனையில் நின்று விஷவாயுவுக்கும் ஆளானார். அந்தப் படைக்குப் பிரெஞ்சு அரசு வீரப் பதக்கம் அளித்தது.

1919 பிப்ரவரியில் நியூயார்க் வீதியில் அவர்களுக்குப் பெரும் வரவேற்பு. அடுத்த மாதமே பாத்தே கம்பெனிக்காக யூரப் குழுவினர் இசைத்தட்டுகள் பதிவு செய்தனர். மே மாதம் தன் குழுவைச் சேர்ந்த ஒருவனாலேயே குத்தப்பட்டு யூரப் மாண்டார். ஆனால் அவர் தோழர்களுக்குக் காத்திருந்தது என்ன? அந்தக் கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நிறவெறிக் கும்பல்கள் கறுப்பு மக்களை வேட்டையாடின. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களும் தப்பவில்லை.

அப்படியானால் பிரான்ஸ் நியாயவானா? அதுவுமில்லை. பாரிசில் கறுப்புக் கலைஞனுக்குக் கைதட்டல் ஒலித்த அதே நாட்களில், ஆப்பிரிக்காவின் பரந்த நிலப்பகுதிகளைப் பிரெஞ்சு அரசு காலனியாக அழுத்தி வைத்திருந்தது.

ஆகவே தோழர்களே, பதக்கத்தையும் பாராட்டையும் கண்டு மயங்கக் கூடாது. அந்த 1919-ம் ஆண்டுத் தட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்டு மகிழ்வோம். அதை வாசித்தவனுக்கு மறுக்கப்பட்டது எது என்பதையும் மறவாதிருப்போம். கலைஞனுக்காகத் தட்டும் கை, அவன் உரிமைக்காகவும் உயர வேண்டும்!