வடலூரில் மூட்டிய அடுப்பு
(ஆடித் திருவிழா ஆயத்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



திருவிழாச் செலவைப் பேச இன்று கூடியிருக்கிறோம். அதற்கு முன் ஒரு மகானைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொல்லும்படி கோயில் கமிட்டியார் கேட்டார்கள். நாம் வள்ளலாரை, அதாவது இராமலிங்க அடிகளாரை எடுத்துக்கொண்டோம். வெள்ளைத் துணியால் தலையை மூடியிருக்கும் அவருடைய படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள்.

அவர் 1823-ல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். தகப்பனார் கணக்குப்பிள்ளை. நம்ம மலைக் கணக்குப்பிள்ளை மாதிரி இல்லை, ஊர் நிலக் கணக்கு எழுதுகிறவர். பிள்ளை பிறந்த சில மாதத்திலேயே அவர் காலமானார். தாய் பிள்ளைகளோடு பிழைப்புத் தேடிப் போனார். பிறகு சென்னையில் அண்ணன்தான் புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பின்னாளில் அடிகளார் பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுகளே திருவருட்பா. ஆனால் நாம் சொல்ல வந்தது அவர் மூட்டிய அடுப்பைப் பற்றி. 1867 மே 23-ஆம் திகதி, ஊர்மக்கள் கொடுத்த நிலத்தில், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு போடுகிறார்கள். அதே 1867-ல்தான் இங்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1874-ல் அடிகளார் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவடைத்தவர், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம்ம முன்னோர் பலர் அந்தப் பஞ்சத்துக்குத் தப்பித்தான் கடல் தாண்டி, காட்டு வழியே நடந்து இந்த மலைக்கு வந்தார்கள்.

பசி வந்தவனுக்குக் கண் என்ன ஆகும், காது என்ன ஆகும், கை கால் என்ன ஆகும் என்று 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். வைத்தியர்கூட அவ்வளவு விளக்கமாகச் சொல்ல மாட்டார். பசியைத் தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்பது அவர் கொள்கை. வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குத் தானம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் கலியாணத்தில் பந்தலுக்கும் ஆட்டம் பாட்டுக்கும் செலவழிக்கிறவர்கள் பசித்த ஒரு முகத்தைப் பார்க்கவும் சம்மதிப்பதில்லையே என்று மனம் நொந்து எழுதினார்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அவர் பாட்டுகளை அருட்பா என்று சொல்லக்கூடாது என்று எதிர்த்தார். கோடு கச்சேரி வரை போனது அந்தச் சண்டை. ஆனால் பஞ்சம் வந்தபோது அதே நாவலரும் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார். நமக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போ நம்ம தோட்டத்துக்கு வருவோம். போன வருஷம் ஒலிபெருக்கிக்கும் லைட்டுக்கும் போன காசு, அன்னதானத்துக்குப் போனதைவிடக் கூட. அந்த அன்னதானத்திலும் சில குடும்பங்கள் முதல் பந்தியில் உட்காராமல் ஒதுங்கி நின்றன. யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஏன் என்றும் தெரியும். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கீழ்லயத்தில் வேலையை விட்டு நின்ற கிழவர் கிழவிகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்பில். படியேறிக் கோயிலுக்கு வர அவர்களுக்குக் கால் வராது. தேத்தண்ணியும் காய்ந்த ரொட்டியுமாக அன்றைக்கும் படுத்தார்கள்.

ஆகவே இந்த வருஷம் ஒலிபெருக்கியை ஒரு நாளோடு நிறுத்தலாம் என்று நாம் கேட்கிறோம். முதல் பந்தியில் வந்த வரிசைப்படி உட்காரட்டும். பந்தி தொடங்குமுன் சோறு, சாம்பார் வாளி கீழ்லயத்துக்கு இறங்கட்டும். வாளி தூக்க நாலு பேர் வேணும். விருப்பமுள்ள தம்பிமார் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் பேர் கொடுங்கள். இனி கமிட்டித் தலைவர் கணக்கை வாசிப்பார்.