நிபந்தனைக் கதவும் நமது புத்தியும்

(சந்தைத் திடலில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. அவற்றைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. இன்று ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சர்வகலாசாலைக் கடிதத்துக்கும் நமது இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கடைசிவரை கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம்மூர்த் தோழர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் என்ஜினீயராக இருக்கிறார். அவருடைய மகள் அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவள். அந்த மாகாணத்தின் தலைநகரான ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் சர்வகலாசாலையில் மின்சார என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விண்ணப்பம் போட்டாள். ‘சேர்த்துக்கொண்டோம்’ என்றும் பதில் வரவில்லை, ‘இல்லை’ என்று முடிவாகவும் வரவில்லை. மூன்றாவதாக ஒரு பதில் வந்தது. அதாவது, “இப்போது இங்கே இடமில்லை, எங்கள் கூட்டத்தைச் சேர்ந்த வேறு ஊர்க் கலாசாலையில் ஒரு வருஷம் படி, இன்ன மார்க்கு வாங்கினால் அடுத்த வருஷம் இங்கே வரலாம்” என்பதாக. சம்மதமானால் குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதே சமயம் அதே மாகாணத்தில் வேறொரு சர்வகலாசாலை, அவள் விரும்பிய என்ஜினீயரிங் பாடத்திலேயே எந்த நிபந்தனையும் இல்லாமல் இடம் கொடுத்திருக்கிறது. எதை எடுப்பது? இதுதான் கேள்வி.

தோழர்களே! இந்தக் கேள்விக்குத் தகப்பனார் எப்படிப் பதில் தேடினார் தெரியுமா? அவர் என்ஜினீயர். பாலம் கட்டினால் எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவர். அவர் டெலிபோனை எடுத்து இங்கே உள்ள ஒரு ஜோசியரிடம் பெண்ணின் ஜாதகத்தைச் சொல்லி, “வடக்கா, தெற்கா?” என்று கேட்டாராம். ஜோசியர், “ஒரு வருஷம் பொறுத்தால் ராஜயோகம்” என்று சொல்லிவிட்டுத் தட்சணையைப் பாங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டாராம். பாலத்துக்குக் கணக்கு, மகளுக்கு ஜாதகம்! அமெரிக்கா போனாலும் ஆகாய விமானம் ஏறினாலும் இந்த வியாதி மட்டும் கூடவே போகிறது.

சரி, அவரை விட்டுவிடுவோம். பாட்டனார் நமது பத்திரிகையின் பழைய சந்தாதாரர். ஜாதகம் என்றால் அடிக்கப் போகிறவர். அவர் என்ன சொன்னார்? “ஜோசியன் கிடக்கிறான், ஆஸ்டின் என்றால் உலகமெல்லாம் பெயர், பெயருக்காகவாவது போகட்டும்” என்றார். நான் அவரைக் கேட்டேன்: “என்ன அய்யா, அவன் ஜாதகத்தைக் கும்பிடுகிறான், நீர் பெயர்ப் பலகையைக் கும்பிடுகிறீர், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்த ஒப்பந்தத்தை நீர் படித்தீரா?” என்றேன். படிக்கவில்லை. தகப்பனாரும் முழுவதும் படிக்கவில்லை. ஆகவே நாங்கள் அதை வரவழைத்துப் படித்தோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இப்படி ஒரு கதவு ஏன் வைத்தார்கள் என்று தெரிய வேண்டாமா? அந்தச் சர்வகலாசாலையின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். 1946-ல் ஹீமன் ஸ்வெட் என்ற நீக்ரோ தோழர் அங்கே சட்டம் படிக்க விண்ணப்பம் போட்டார். தோல் கறுப்பு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இடமில்லை என்றார்கள். வழக்கு நடக்கும்போதே கறுப்பர்களுக்கென்று அவசர அவசரமாகத் தனியே ஒரு சட்டப் பள்ளியை ஏற்படுத்தி, “அங்கே போ, எல்லாம் ஒன்றுதான்” என்றார்கள். நம்மூரில் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்து, “தண்ணீர் ஒன்றுதானே” என்று சொன்னார்களே, அதே நியாயம்தான். 1950-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்பவில்லை. கட்டிடமும் புத்தகமும் மட்டுமல்ல, ஒரு கலாசாலையின் பெயர், ஆசிரியர்களின் தகுதி, அங்கே படித்துப் போனவர்களின் செல்வாக்கு ஆகியவையும் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஸ்வெட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இளங்கலைப் படிப்பில் கறுப்பு மாணாக்கர்கள் நுழைய 1956 வரை ஆயிற்று.

பிற்பாடு அவர்களுக்கும் சிறுபான்மையோருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்படி செய்தார்கள். 1996-ல் ஹாப்வுட் வழக்கில் மேல்கோர்ட்டு அது கூடாது என்றது. உடனே கறுப்பர், மெக்சிக வமிசத்தார் எண்ணிக்கை குறைந்தது. மறு வருஷம், அதாவது 1997-ல், மாகாணச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. எந்தப் பள்ளியானாலும் சரி, பட்டணத்துப் பணக்காரப் பள்ளியானாலும், பட்டிக்காட்டுப் பள்ளியானாலும், அந்தப் பள்ளியில் 100-க்கு முதல் 10 பேருக்குள் வருகிறவர்களுக்கு மாகாண சர்வகலாசாலைகளில் இடம் உண்டு என்று. இதைக் கேட்கும்போது உங்களுக்கு நம் நாட்டு விஷயம் நினைவுக்கு வரவேண்டும். 1951-ல் நமது வகுப்புவாரி உத்தரவை சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்றது, தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது, அதே வருஷத்தில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்ற பிரிவு வந்தது. கோர்ட்டு கதவைச் சாத்தினால் ஜனங்கள் வேறு கதவைத் திறந்தார்கள் என்பது இரண்டு நாட்டுக்கும் பொது.

டெக்சாசில் அந்தக் கதவால் ஆஸ்டினில் கூட்டம் நெருக்கிவிட்டது. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்டின் மட்டும் தனது உள்மாகாண இடங்களில் 100-க்கு 75-ஐ இவ்வழியில் நிரப்பினால் போதும் என்றார்கள். ஆகவே 100-க்கு 10 என்பது அங்கே 6 ஆகி, 2026-ல் சேருகிறவர்கள் முதற்கொண்டு 5 ஆகிவிட்டது. அந்த வரிசைக்குள் வராத உள்மாகாணப் பிள்ளைகளில் பலருக்குத்தான் இந்த நிபந்தனைக் கடிதம் போகிறது. எனவே இது பிச்சையுமல்ல, அவமானமுமல்ல. “பின் வாசல் வழியாக வந்தவள்” என்று யாராவது சொன்னால் அது வெறும் திமிர். ஒரு வருஷம் படித்து, மார்க்கு வாங்கிக் காட்டிவிட்டு வருகிறவள் எந்த வாசலில் வந்தால் என்ன?

இனி நிபந்தனைக்கு வருவோம். டெக்சாஸ் சர்வகலாசாலைக் கூட்டத்துக்கு ஆர்லிங்டன், சான் அன்டோனியோ, எல் பாசோ முதலிய பல ஊர்களில் கலாசாலைகள் உண்டு. அவற்றில் இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்ட ஒன்றில் முதல் வருஷம் 30 மணிப் பாடம் முடிக்க வேண்டும். நான்குக்கு 3.2 சராசரி வாங்க வேண்டும். இதைக் கேட்டவுடன், “3.2 தானே, நம் பெண் கெட்டிக்காரி” என்று பாட்டனார் சொன்னார். கெட்டிக்காரிதான், இருந்தாலும் கணக்குப் போடுவோம் என்றேன்.

30 மணி என்றால் மூன்று மணிப் பாடம் பத்து. ‘ஏ’ வாங்கினால் 4 புள்ளி, ‘பி’ 3, ‘சி’ 2. இடையில் உள்ள கூட்டல் கழித்தல் குறிகளை விட்டுவிடுவோம். பத்துப் பாடத்துக்கு 32 புள்ளி வேண்டும். எல்லாவற்றிலும் ‘பி’ வாங்கினால் 30 தான், தேறாது. இரண்டு ‘ஏ’, எட்டு ‘பி’ வாங்கினால் சரியாக 32. ஒரே ஒரு ‘சி’ வந்துவிட்டால் மூன்று ‘ஏ’ வேண்டும். இரண்டு ‘சி’ வந்தால் நான்கு ‘ஏ’ வேண்டும். வீட்டை விட்டு முதன்முதலாகப் போகிற 18 வயதுப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு ஆசிரியர் கடுமையாக இருந்தால், ஒரு ‘சி’ வருவது அதிசயமல்ல. முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். ஆனால் பாதையின் அகலம் இவ்வளவு என்று தெரிந்துகொண்டு நட என்கிறேன்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியமானது. இந்த நிபந்தனையை நிறைவேற்றினால் ஆஸ்டினில் எங்கே இடம் என்று பார்த்தோம். உறுதியாகச் சொல்லப்பட்டிருப்பது கலைப் பிரிவு ஒன்றுதான். சரித்திரம், பொருளாதாரம், மனோதத்துவம், அரசியல் முதலியவை அதில் அடக்கம். என்ஜினீயரிங் அதில் இல்லை. அதற்கு மறுபடியும் தனியே விண்ணப்பம் போட்டு மற்றவர்களோடு போட்டி போட வேண்டும். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் கேட்பாரில்லை. தோழர்களே! இதைக் கவனியுங்கள். திருவிழாவுக்கு டிக்கெட்டு வாங்கிக்கொண்டு போகிறோம். வாசலில் விடுகிறார்கள். நாம் பார்க்கப் போன நாடகக் கொட்டகைக்குள் மட்டும் விடவில்லை என்றால், ‘திருவிழாவுக்குப் போனேன்’ என்ற பெயர் மட்டும்தானே மிச்சம்?

மூன்றாவது, அந்த முதல் வருஷத்தில் வாங்கிய மார்க்கு ஆஸ்டினின் சராசரியில் சேராது. பாட மணி மட்டும் கணக்குக்கு வரும். நான்காவது, முதல் கலாசாலை கொடுக்கும் சம்பளச் சலுகை அவளோடு ஆஸ்டினுக்கு வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அய்ந்தாவது, சான் அன்டோனியோ ஆஸ்டினுக்கு 80 மைல். எல் பாசோவோ 500 மைலுக்கு மேல். எந்த ஊர் என்பதையும், சிநேகிதம் பிடித்து ஒரு வருஷத்தில் மறுபடி மூட்டை கட்ட வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிபந்தனை தவறினால் பிள்ளை தெருவில் நிற்கப் போவதில்லை. சேர்ந்த கலாசாலையிலேயே படித்துப் பட்டம் வாங்கலாம். பெயர் என்பது ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பெயருக்கும் செல்வாக்குக்கும் விலை உண்டு என்றுதானே ஸ்வெட்டின் வழக்கில் தீர்ப்பாயிற்று? நம்மைப் போல் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பெரிய கதவின் அருமை தெரியும். ஆனால் அந்த வழக்கில் கேட்டது உரிமை. இங்கே பாட்டனார் கேட்பது பெருமை. பிள்ளையின் படிப்புக்காகப் பெயரைத் தேடுவது புத்தி. பெயருக்காகப் பிள்ளையின் படிப்பை மாற்றுவது பக்தி.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றிற்று. ஜோசியரைக் கேட்டார்கள், பாட்டனாரைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள். படிக்கப் போகிற பெண்ணை யாராவது கேட்டார்களா? பெண் பிள்ளையானால் கல்யாணத்துக்கும் கேட்பதில்லை, கல்விக்கும் கேட்பதில்லை என்பது சமுத்திரம் தாண்டியும் வழக்கமாக இருக்கிறதே! டெலிபோனில் கூப்பிட்டேன். அந்தக் குழந்தை சொன்னாள்: “தாத்தா, எந்தக் கலாசாலை, எந்தக் கலாசாலை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீ என்ன படிக்கப் போகிறாய் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் ஒப்பந்தத்தை எல்லாம் படித்துவிட்டு, கடைசியில்தான் அவளைக் கேட்டேன்.

நான் அவளுக்கு முடிவு சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் யோசித்து, நிபந்தனையில்லாத இடத்தில் என்ஜினீயரிங்கிலேயே சேர்ந்துவிட்டாள். அவளோடு படித்த இன்னொரு பெண்ணுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. அவளுக்குப் பொருளாதாரத்தில் ஆசை. அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு சான் அன்டோனியோவுக்குப் போகிறாள். ஒரே கடிதம், இரண்டு பதில். இரண்டும் சரியென்பதே என் அபிப்பிராயம். ஏனென்றால் இருவரும் தாங்கள் எதற்காகப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்தார்கள். ஜாதகம் பார்த்திருந்தால் இருவருக்கும் ராஜயோகம் என்றே வந்திருக்கும்; தட்சணையும் இரண்டாக வந்திருக்கும்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நிபந்தனைக் கடிதம் வரலாம். கலாசாலையிலிருந்து வரலாம், உத்தியோகத்திலிருந்து வரலாம். வந்தால் பஞ்சாங்கத்தைத் திறக்காதீர்கள். கடிதத்தைத் திறந்து கடைசி வரிவரை படியுங்கள். நிபந்தனை என்ன, நிறைவேறினால் கிடைப்பது என்ன, நிறைவேறாவிட்டால் மிஞ்சுவது என்ன, செலவு என்ன என்று காகிதத்தில் எழுதுங்கள். பிறகு யாருக்கு வந்ததோ அவர்களைக் கேளுங்கள். கையெழுத்தை அவர்களே போடட்டும்.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.